80 சதவீதம் உங்களிடம் இருந்தாலும் விற்கும்போது கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: நானும் நண்பரும் இரண்டு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ஒரு வென்ச்சர் கேபிடல் ஃபண்ட் 10 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு கேட்கிறது. டெர்ம் ஷீட்டில், அதாவது முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாக எழுதிய தாளில், 2 மடங்கு பார்ட்டிசிபேட்டிங் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், ஃபுல் ராட்செட், 4 வருட வெஸ்டிங், டிராக் அலாங் எல்லாம் இருக்கின்றன. “எல்லாருக்கும் போடுவதுதான்” என்கிறார்கள். 80 சதவீதம் எங்களிடமே இருப்பதால் கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது இருக்கிறபடி போடாதீர்கள். வெஸ்டிங்கும் டிராக் அலாங்கும் எல்லாருக்கும் போடுவது என்பது சரி. மற்ற இரண்டும் அப்படியல்ல.

லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்றால், நிறுவனத்தை விற்றாலோ மூடினாலோ முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வது. இது நியாயமான பாதுகாப்புதான். இது இல்லாவிட்டால், அவர் இன்று போடும் 10 கோடியை நீங்கள் நாளைக்கே நிறுவனத்தைக் கலைத்து, அதில் 8 கோடியை எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் 1 மடங்கு கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

உங்களிடம் கேட்பது 2 மடங்கு, அதுவும் பார்ட்டிசிபேட்டிங், அதாவது அதை எடுத்த பிறகு மிச்சத்திலும் பங்கு கேட்பது. கடன், செலவு போக 30 கோடிக்கு நிறுவனம் விற்கிறது என்று வையுங்கள். முதலீட்டாளர் முதலில் 20 கோடி எடுப்பார். மிச்சம் 10 கோடியிலும் 20 சதவீதம், அதாவது 2 கோடி எடுப்பார். அவருக்கு 22, உங்கள் இருவருக்கும் சேர்த்து 8. இதுவே 1 மடங்கு, பார்ட்டிசிபேட்டிங் இல்லாதது என்றால், போட்ட 10 கோடி அல்லது 20 சதவீதமான 6 கோடி, இரண்டில் ஒன்றைத்தான் அவர் எடுக்கலாம். அவருக்கு 10, உங்களுக்கு 20. விற்பனைத் தொகை 20 கோடியாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் உங்களுக்கு ஒன்றுமே வராது. 80 சதவீதம் என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

இதோடு டிராக் அலாங்கைச் சேர்த்துப் படியுங்கள். நிறுவனத்தை விற்க ஒரு தரப்பு முடிவெடுத்தால் மற்றவர்களும் தங்கள் பங்கை விற்றே ஆக வேண்டும் என்பது அது. உங்கள் ஷீட்டில் அந்த முடிவை முதலீட்டாளர் மட்டுமே எடுக்கலாம் என்று இருந்தால், அவர் 20 கோடிக்கு விற்றுவிட்டுத் தன் பணத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு போவார். நீங்கள் வெறுங்கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஷீட்டிலேயே பெரிய ஆபத்து இந்தச் சேர்க்கைதான். போர்டின் ஒப்புதல், நிறுவனர்களில் பெரும்பான்மையின் சம்மதம், ஒரு குறைந்தபட்ச விலை, இந்த மூன்றும் இருந்தால்தான் டிராக் அலாங் செல்லும் என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் ஃபுல் ராட்செட். பின்னால் குறைந்த விலைக்குப் பங்கு கொடுத்தால், இவர் வாங்கிய விலையையும் அதே அளவுக்கு இறக்கிக் கூடுதல் பங்கு கொடுப்பது அது. அடுத்த சுற்றில் பங்கின் விலை பாதியாக இறங்கினால், ஒரு சின்னத் தொகைக்குத்தான் புதுப் பங்கு கொடுத்திருந்தாலும், இவருடைய பங்கு எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். புதியவருக்குக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் 80 சதவீதம் சுமார் 67 ஆகிவிடும். அதற்குப் பதில், விலையை ஒரு சராசரிக் கணக்கில் மட்டும் இறக்கும் பிராட் பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ் கேளுங்கள். அதில் புதுச் சுற்று எவ்வளவு பெரியது என்பதும் கணக்கில் வரும்.

வெஸ்டிங்கை எதிர்க்காதீர்கள். நிறுவனர்களின் பங்கு ஒரேயடியாக அல்லாமல், வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாவது அது. நண்பர் ஆறே மாதத்தில் விலகினால் உங்களையும் அதுதான் காப்பாற்றும். ஏற்கெனவே உழைத்த இரண்டு வருடத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். காரணமில்லாமல் உங்களை வெளியேற்றினால் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஃபண்டிடம் இதைப் பேசக் கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கும் இதில் நஷ்டம் இருக்கிறது. கடைசியில் கைக்கு ஒன்றும் வராது என்று தெரிந்த நிறுவனர் எத்தனை நாள் ராப்பகலாக உழைப்பார்? அடுத்து வரும் முதலீட்டாளரும் இதே 2 மடங்கைக் கேட்கலாம், அதையும் இவருக்கு முன்னால் எடுத்துக்கொள்வதாகக் கேட்கலாம்.

டெர்ம் ஷீட்டில் பெரும்பாலான பிரிவுகள் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று யாராவது சமாதானம் சொல்லலாம். உண்மைதான், ஆனால் ரகசியம் காப்பதும், வேறு முதலீட்டாளரிடம் பேசக்கூடாது என்பதும் பொதுவாகக் கட்டுப்படுத்தும். அந்தத் தடை ஓடிக்கொண்டிருக்கும்போது கையிருப்பும் கரைந்துகொண்டிருந்தால், பேரம் பேச உங்களிடம் தெம்பு இருக்காது. ஆகவே மேலே சொன்ன மாற்றங்களை இப்போதே கேளுங்கள், தடையை 30 நாளுக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் உங்கள் நாட்டு கம்பெனிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முழு ஷீட்டையும் காட்டிவிடுங்கள். அவர் உங்களுக்காக மட்டும் பேசுபவராக இருக்க வேண்டும், ஃபண்ட் பரிந்துரைத்தவராக இருக்கக்கூடாது.