ஸ்கைடைவிங் விமான விபத்து பற்றிய ஃபார்வர்டு வந்தால் எங்கே பார்ப்பது?

தம்பி, நீங்கள் கேட்டது இது: அமெரிக்கா வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, அறை நண்பர்களோடு ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) போக முன்பதிவு செய்திருக்கிறீர்கள். அதற்குள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள். ஹவாயில் ஜூன் 21 அன்று ஸ்கைடைவிங் விமானம் விழுந்து 9 பேர் பலி என்று ஒன்று, ஜூன் 22 அன்று 11 பேர் பலி என்று இன்னொன்று. அம்மா பதறுகிறார். எது உண்மை, எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டும் ஒரே விபத்துதான், நடந்தது 2019இல். ஓவாஹு தீவின் வடகரையில் மொகுலேயா என்ற இடம், டில்லிங்ஹாம் விமானத் தளம். விமானம் கிளம்பிய உடனேயே விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த விமானியும் 10 பயணிகளும், ஆக 11 பேரும் இறந்தார்கள்.

தேதி ஏன் இரண்டாக வந்தது என்றால், விபத்து நடந்தது ஹவாய் நேரப்படி ஜூன் 21 மாலை 6:22. உலகப் பொது நேரமான யுடிசிக்கு ஹவாய் 10 மணி நேரம் பின்னால். அப்போது யுடிசி ஜூன் 22 அதிகாலை 4:22, நம் ஊரில் காலை 9:52. ஆகவே எந்த விபத்துச் செய்தி வந்தாலும் முதலில் நேரத்தை யுடிசிக்கு மாற்றிப் பாருங்கள். தளங்களில் தேடும்போது முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் தேடுங்கள்.

எண்ணிக்கையில் பொய் இல்லை. அன்று இரவு அதிகாரிகளே 9 என்றார்கள், மறுநாள் 11 என்று திருத்தினார்கள். இந்த வகை விமானத்துக்கு ஏர்லைன்ஸ் போலப் பயணிகள் பட்டியல் கிடையாது. டிராப்ஸோன், அதாவது ஸ்கைடைவிங் நடத்தும் இடம், தன் பதிவு மேசையில் எழுதிவைக்கும் மேனிஃபெஸ்ட் என்ற பெயர்ப்பட்டியல்தான் இருக்கும், அதுவும் கடைசி நேரத்தில் மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 ஜூலையில் நயாகரா பக்கம் யங்ஸ்டவுனில் ஸ்கைடைவிங் விமானம் விழுந்தபோது குதிக்க வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே குதித்துவிட்டார்கள், இறந்தது விமானி மட்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது வேறு, விழும்போது எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது வேறு. முதல் 48 மணி நேரத்தில் வரும் எந்த எண்ணையும் இறுதி எண் என்று வீட்டுக்குச் சொல்லாதீர்கள்.

இனி, யார் எப்போது எதைச் சொல்வார்கள் என்ற வரிசை. முதலில் உள்ளூர் தீயணைப்புத் துறை, ஷெரிஃப் அல்லது போலீஸ்: இடம், நேரம், உத்தேச எண்ணிக்கை. பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ சிறு குறிப்பு வெளியிடும்: விமானத்தின் வகை, கிளம்பிய தளம். விசாரிப்பது போக்குவரத்து விபத்துகளை ஆராயும் அரசு அமைப்பான என்டிஎஸ்பி. அதன் முதற்கட்ட அறிக்கை ஏறக்குறைய 30 நாளில் வரும். அதில் காரணம் இருக்காது, அதுவரை உறுதியான விவரங்கள் மட்டுமே இருக்கும். "முதற்கட்ட அறிக்கையின்படி இதுதான் காரணம்" என்று யாராவது எழுதினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இறுதி அறிக்கைக்கு ஒன்றிரண்டு வருடமாவது ஆகும்.

நீங்கள் பிடிக்கவேண்டிய நூல்முனை விமானத்தின் என்-எண், அதாவது N என்று தொடங்கும் அமெரிக்கப் பதிவு எண். மொகுலேயா விமானத்துக்கு என்256டிஏ, பீச்கிராஃப்ட் கிங் ஏர் 65-ஏ90. எஃப்ஏஏ பதிவேட்டில் இந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பு, மாடல், வரிசை எண், பதிவு உரிமையாளர் எல்லாம் வரும். இரண்டு இடத்தில் சறுக்கும். விபத்துக்குள்ளான விமானத்தின் என்-எண் பின்னால் வேறொரு விமானத்துக்குப் போகலாம் என்பதால், வரிசை எண்ணும் பொருந்துகிறதா பாருங்கள். பதிவு உரிமையாளர் பெரும்பாலும் ஏதோ ஒரு எல்எல்சியாக (ஒருவகைத் தனியார் நிறுவனம்) இருக்கும், விமானத்தை ஓட்டிய நிறுவனம் வேறாக இருக்கலாம். பெயரைப் பார்த்ததும் பழி போட வேண்டாம்.

அடுத்து அதே எண்ணை என்டிஎஸ்பியின் கேரல் (CAROL) என்ற விபத்துப் பதிவுத் தேடுதளத்தில் போடுங்கள். என்256டிஏவுக்கு இன்னொரு பதிவும் வரும்: 2016 ஜூலை, கலிஃபோர்னியாவின் பைரன். வானத்தில் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, சுழன்று, வால்பகுதியில் ஒரு துண்டு பிய்ந்துபோயிற்று. உள்ளே இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள், விமானி பத்திரமாக இறக்கினார், யாரும் சாகவில்லை. ஹவாய் விபத்து நடந்ததும் ஊடகங்கள் இதைத் தோண்டியெடுத்தன, அதுதான் காரணம் என்றே பலர் முடிவு கட்டினார்கள். இறுதி அறிக்கை சொன்னது வேறு: கிளம்பும்போது விமானி விமானத்தை மிகக் கடுமையாகத் திருப்பி ஏற்றியதால் ஸ்டால் ஆகி, மீட்க உயரம் இல்லாமல் விழுந்தது. பைரனில் முறுக்கிப்போன இடது இறக்கை, விமானத்தின் எடை அனுமதித்த எல்லையை ஒட்டிப் பின்பக்கம் சாய்ந்திருந்தது, இத்தகைய பறப்புகளை எஃப்ஏஏ போதிய அளவு மேற்பார்வையிடாதது ஆகியவை துணைக் காரணங்கள். பழைய விபத்துச் செய்தி உண்மைதான், ஆனால் அதற்குக் கொடுத்த இடம் தவறு. இதைப் புரிந்துகொள்ள அறிக்கையோடு சேர்ந்த டாக்கெட்டையும் (விசாரணை ஆவணத் தொகுப்பு) திறந்து பாருங்கள். நேர்காணல், புகைப்படம், பராமரிப்புப் பதிவுகள் எல்லாம் இலவசமாகவே கிடக்கும்.

ஃபிளைட்ராடார்24 போன்ற செயலிகளின் படத்தைக் காட்டி "900 அடியில் மாயமானது" என்று எழுதுவார்கள். தாழ்வாகப் பறக்கும்போது தரையிலுள்ள ரிசீவருக்கு சிக்னல் எட்டாது, ஆகவே கோடு முடியும் இடம் விழுந்த இடம் ஆகாது. அதில் காட்டும் உயரமும் பெரும்பாலும் அன்றைய காற்றழுத்தத்துக்குத் திருத்தப்படாதது, சில நூறு அடி தள்ளி இருக்கலாம். ஸ்கைடைவிங் விமானம் ஒரே தளத்திலிருந்து திரும்பத் திரும்ப 10,000 முதல் 14,000 அடி வரை ஏறிச் சடாரென இறங்கும். அந்தச் செங்குத்தான இறக்கத்தைப் பார்த்து விபத்து என்று பயப்படாதீர்கள், அது தினப்படி வேலை.

வீடியோ வந்தால் எஞ்சினை எண்ணுங்கள், இறக்கை மேலா கீழா பாருங்கள். கிங் ஏருக்கு இரண்டு எஞ்சின், இறக்கை கீழே. செஸ்னா 182க்கு ஒரு எஞ்சின், இறக்கை மேலே. இறக்கை தீப்பிடித்து உடைய, ஆட்கள் சிதறிக் குதிக்கும் ஹெல்மெட் கேமரா காட்சி என்றால், 2013 நவம்பரில் விஸ்கான்சினின் சுப்பீரியரில் இரண்டு செஸ்னாக்கள் மோதியதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இருந்த 11 பேரும் பிழைத்தார்கள்.

என்டிஎஸ்பியில் தேடி எதுவும் வரவில்லை என்றால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். குதித்த பிறகு பாராசூட்டில் நடக்கும் மரணத்தை என்டிஎஸ்பி வழக்கமாக விசாரிப்பதில்லை. எஃப்ஏஏவும் பெரும்பாலும் பாராசூட் மடித்த முறையோடு நிறுத்திக்கொள்ளும். இதே குழப்பம் புள்ளிவிவரத்திலும் உண்டு. அமெரிக்கப் பாராசூட் சங்கம் 2019க்குச் சொன்ன 15 மரணங்களில் மொகுலேயாவின் 11 பேர் இல்லை. அது குதிப்பில் இறந்தவர்களின் கணக்கு, விமானம் விழுந்து இறந்தவர்களுடையது தனி.

இறந்தவர்களின் பெயர்களை மெடிக்கல் எக்ஸாமினர் (மரணங்களை ஆராயும் அரசு மருத்துவர்) அலுவலகம், குடும்பத்துக்குச் சொன்ன பிறகுதான் வெளியிடும். அதற்கு முன் "நம்ம ஊர்ப் பையன்" என்று பெயரும் படமும் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், ஒரு தாய் அதை ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நிதி திரட்டும் இணைப்பு வந்தால், குடும்பமோ அவர் படித்த பல்கலைக்கழகமோ உறுதிசெய்யும் வரை பணம் போடாதீர்கள்.

உங்கள் முன்பதிவு விஷயத்துக்கு: டிராப்ஸோனுக்கு ஃபோன் செய்து அன்று பறக்கும் விமானத்தின் என்-எண்ணைக் கேளுங்கள். வெளிப்பக்கம் எழுதியிருக்கிற எண்தான், சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதைக் கேரலில் போட்டுப் பழைய விபத்து இருக்கிறதா, என்ன சேதம் என்று பாருங்கள். அம்மாவுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பி, ஃபார்வர்டில் வந்தது 2019 செய்தி என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.