பொலிஸில் ஒப்புக்கொண்டது நீதிமன்றத்தில் செல்லுமா?

கேள்வி: நகைத் திருட்டு ஒன்றில் சந்தேகத்தின்பேரில் கைதான என் தம்பியின் மகன் விளக்கமறியலில் இருக்கிறான். “நான்தான் எடுத்தேன்” என்று பொலிஸ் நிலையத்தில் சொல்லிக் கையொப்பமும் வைத்துவிட்டானாம். அவன் காட்டிய வேலியோரத்தில் தாட்டு வைத்திருந்த சங்கிலியும் எடுக்கப்பட்டது. இனி வழக்காடிப் பயனில்லை என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?
– வாசகர் ஒருவர், நெல்லியடி

பதில்: உண்மையில்லை. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக எண்பிக்க முடியாது. அவர் விரும்பிச் சொன்னாரா, அடித்துச் சொல்லவைத்தார்களா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை; கையொப்பமும் அந்தத் தடையை நீக்காது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறொருவரிடம் ஒப்புக்கொண்டாலும், அது நீதவானின் நேரடி முன்னிலையில் நிகழ்ந்திராவிட்டால் 26 ஆவது பிரிவு அதையும் தடுக்கிறது. மூடிய அறைக்குள் தனித்து நிற்கும் மனிதனுக்குச் சட்டம் தந்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுவென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் சங்கிலியின் கதை வேறு. காவலில் உள்ளவர் தந்த தகவலின் விளைவாக ஒரு விடயம் கண்டுபிடிக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்புடன் தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் எண்பிக்க 27 ஆவது பிரிவு இடமளிக்கிறது. “வேலியோரத்தில் சங்கிலி தாட்டிருக்கிறது, காட்டுகிறேன்” என்பது உள்ளே வரும். “நான் திருடிய சங்கிலி” என்பது வரக்கூடாது. இந்தியாவிலிருந்து சென்ற மேன்முறையீடொன்றில் 1946 ஆம் ஆண்டு கோமறைக் கழகம் (அக்காலத்தில் நமக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த, இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்) வகுத்த இந்த எல்லையை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. பொலிஸ் சாட்சி கூண்டில் நின்று முழு வாக்குமூலத்தையும் ஒப்புவிக்க முற்படும்போது, எஞ்சிய பகுதி பதிவாகும் முன்னரே எதிர்க்க வேண்டியது உங்கள் சட்டத்தரணியின் பொறுப்பு. அந்த இடத்தைப் பொலிஸார் முன்னரே அறிந்திருந்தார்களா என்பதும் கேட்கப்பட வேண்டும். அறிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது.

பொருள் இருந்த இடம் அவனுக்குத் தெரியும் என்பதைத்தான் வாக்குமூலத்தின் அந்தப் பகுதி காட்டும். வேறொருவர் தாட்டதைப் பார்த்தும் அவன் அறிந்திருக்கலாம். இருப்பினும், களவுபோன பொருளைக் களவு நடந்து சிறிது காலத்துக்குள் தன் உடைமையில் வைத்திருப்பவர் அதற்கு விளக்கம் தராவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருளென அறிந்து பெற்றார் என்று 114 ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆகவே நடந்ததைச் சட்டத்தரணியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பாதுகாப்பு எல்லா வழக்குகளுக்கும் இல்லை என்பது நம் மக்கள் பட்டறிந்த துயரம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆவது பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியிலுள்ளவரிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கிறது. அது அச்சுறுத்திப் பெறப்பட்டதென்று எண்பிக்கும் சுமையும் எதிரியின் தலையிலேயே விழுகிறது. சிங்கராசா என்ற தமிழரின் வழக்கில், அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலே தண்டனைக்கு அடிப்படையாயிற்று. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் கண்டது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் அளிக்க மறுத்தது. அத்தகைய ஒப்புதலில் ஒரு தண்டனை தங்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ஆணையின்றி வீட்டைச் சோதித்து எடுத்த பொருளை நீதிமன்றம் ஒதுக்கிவிடுமா?
– வாசகி ஒருவர், சுன்னாகம்

பதில்: பொதுவாக ஒதுக்காது. பொருள் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே முதன்மையான கேள்வி. அது எப்படிப் பெறப்பட்டது என்பதன்று. கென்யாவிலிருந்து சென்ற குருமா என்பவரின் வழக்கில் 1954 இல் கோமறைக் கழகம் இதையே சொன்னது. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை விலக்கும் அமெரிக்க விதி இங்கு இல்லை. ஆயினும் சோதனையின் முறைகேடு, பொலிஸ் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறுக்கு விசாரணையில் சோதிக்க உதவும். அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால், அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும்; குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும்.