பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை உண்மையிலேயே ஒரே நாளில் பதிவு செய்தார்களா?

ஆமாம். 1969 அக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், சுமார் 12 மணி நேரத்தில் பதிவை முடித்துவிட்டார்கள். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். பர்மிங்காமைச் சேர்ந்த அந்த நான்கு இளைஞர்களும் மேடையில் வாசித்துப் பழகிய பாட்டுகளை அப்படியே வாசித்தார்கள். திருத்தித் திருத்தி எடுக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. முதல் பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் மழையும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை.

ஆனால் எனக்கு அந்த 12 மணி நேரத்தைவிடப் பெரிய ஆச்சரியம் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் விரல்கள்தான். 17 வயதில், தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையன்று, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர். தந்திகளை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை மாதிரி செய்து, மேலே பதனிட்ட தோல் துண்டை ஒட்டிக்கொண்டார். அழுத்தும்போது வலிக்கக் கூடாது என்று மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். அவருடைய கிதாரின் அந்தக் கனத்த ஒலிக்குப் பின்னால் இந்த வலிக்கும் பங்குண்டு.

அப்புறம், 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ என்ற இசைத்தட்டு நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால், மேற்கத்திய நம்பிக்கைப்படி அது கெட்ட நாள். விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். ரசிகர்களோ வாங்கிக் குவித்து, பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கேட்பதானால் முதல் பாட்டை இரவில், ஹெட்போனில் கேளுங்கள்.