குன்னூரிலேயே நீர்ப் பாதுகாப்பு வேலை: ஒரு பதில்

வணக்கம். வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற நீங்கள், மலையை விட்டு இறங்காமல் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்பிலோ நீர்த்தரச் சோதனையிலோ வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாகத்தான் இருக்கும்.

உதகையில் 1954 முதல் இயங்கிவரும் இந்திய மண், நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் வெளியிடும் திட்டப் பணி அறிவிப்புகளையும், ஊற்றுகள், சதுப்புநிலங்கள் குறித்துப் பணியாற்றும் கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளையின் அறிவிப்புகளையும் தொடர்ந்து கவனியுங்கள். நிரந்தர அரசுப் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழி உண்டு.

என் கருத்தில், பட்டத்தைவிட மாதிரி எடுக்கும் கைப்பழக்கமே முக்கியம். கிருமிநீக்கிய புட்டியின் வாயில் விரல் படாமல், ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, மேலே சற்று இடம் விட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஒருமுறை நான் மூடியைப் புல்லின்மேல் வைத்துவிட்டேன். 100 மில்லிலிட்டரில், மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியாவான ஈ.கோலை அறவே இருக்கக் கூடாது என்பது குடிநீருக்கான இந்தியத் தரமாதலால், அந்த மாதிரியை நம்ப முடியாமல் மறுபடியும் அதே ஊற்றுக்கு ஏற வேண்டியதாயிற்று. கேரட் தோட்டங்களுக்குக் கீழுள்ள ஊற்றுகளில், உரத்திலிருந்து கசியும் நைட்ரேட்டையும் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு.

படுகர்களின் மொழியான படுகு பேசத் தெரிந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். எந்த ஊற்று எப்போது வற்றியது என்பது ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.