வாசகர் கேள்வி – பதில்: முலுண்டுக்கும் தாணேவுக்கும் நடுவே

செம்பூரிலிருந்து ஒரு வாசகர்: பேய்க்கதைக்கும், அன்றாட வாழ்க்கைக்குள் விசித்திரம் நிகழும் கதைக்கும் என்ன வேறுபாடு?

பேய் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அதற்குப் பாழடைந்த பங்களாவோ நள்ளிரவுச் சுடுகாடோ தேவைப்படுகிறது. இரண்டாவது வகையில் நாம் தினமும் புழங்கும் இடமே திடீரென்று அந்நியமாகிவிடுகிறது. இந்த உணர்வைப் பற்றி 1919-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு எழுதிய கட்டுரையின் தலைப்பாக அமைந்த ஜெர்மன் சொல்லுக்குள்ளேயே ‘வீடு’ என்னும் சொல் பொதிந்திருக்கிறது.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகி: என் கதையில், மும்பையில் மாலை லோக்கல் ரயிலில் வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு, முலுண்டு தாண்டியதும், அடுத்த நிலையம் கல்லிடைக்குறிச்சி என்ற அறிவிப்பு தமிழில் கேட்கிறது. அது அவள் பிறந்த ஊர். எல்லாம் கனவு என்று முடித்திருந்தேன். படித்த தோழிகள் ஏமாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். காரணம் சொல்லாமல் விட்டால் குழப்பம் ஆகாதா?

உங்கள் தோழிகள் பக்கமே நான் நிற்கிறேன். 1915-இல் வெளியான காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில், விற்பனைப் பிரதிநிதி ஒருவன் பூச்சியாக மாறிக் கண்விழிக்கிறான். அது கனவில்லை என்று இரண்டாம் பத்தியிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அவன் ஏன் பூச்சியானான் என்பதற்குக் கடைசிவரை விளக்கம் இல்லை. ஆனாலும் எவரும் குழம்புவதில்லை, ஏனென்றால் அடுத்து அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான், மணி ஆறரை, ஐந்து மணி ரயில் போய்விட்டது, முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று பதறுகிறான். பூச்சியாவது நமக்குத் தெரியாத அனுபவம். ரயிலைத் தவறவிட்ட பதற்றம் மும்பையில் வேலைக்குப் போகும் அத்தனை பேருக்கும் தெரியும். புதுமைப்பித்தனும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இதையே செய்தார். கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்பதற்கு முன்னால், டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்குக் காசு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பிக்குத் தேறுமா என்று கந்தசாமிப் பிள்ளை தெருமுனையில் நின்று கணக்குப் போடுகிறார். அந்தக் காலணாக் கணக்கு அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான், பின்னால் வரும் கடவுளையும் நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

உங்கள் கதையில் குறைவது விளக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை, ரயில்தான் குறைகிறது. ‘பெட்டியில் கூட்டம் அதிகமாக இருந்தது’ என்ற ஒரே வரியோடு கடந்துவிட்டீர்கள். பெண்கள் பெட்டியில் மடியில் பையை விரித்துக் கொத்தவரங்காய் ஆய்பவர்கள், மூவர் இருக்கையின் விளிம்பில் நான்காவதாக ஒட்டிக்கொண்டிருப்பவள், ஒவ்வொரு நிலையத்துக்கும் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மாறாமல் வரும் அறிவிப்பு ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அந்த மூன்று மொழிகளுக்குப் பிறகு, அதே குரல், அதே நிதானத்தில் தமிழில் பேசட்டும். விளக்குகள் அணைந்து எரிவதும் குளிர்காற்று வீசுவதும் வேண்டாம், அவற்றை அடித்துவிடுங்கள். காய் ஆய்பவர்கள் தலையை நிமிர்த்தாமல் இருப்பதே போதுமான அச்சத்தைத் தரும்.

உங்கள் நாயகிக்கு வர வேண்டிய கவலையையும் நீங்கள் தொடவில்லை. மும்பை லோக்கலில் இறங்க வேண்டுமானால் ஒரு நிலையம் முன்பே எழுந்து கதவருகே நகர்ந்தாக வேண்டும். அடுத்தது கல்லிடைக்குறிச்சி என்றால் அவள் இப்போதே எழ வேண்டுமா? பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வரும்? வீட்டில் ஊறப்போட்ட உளுந்தை யார் அரைப்பார்கள்? இவற்றை அவள் முழு மனத்தோடு யோசிக்கட்டும். ‘இது எப்படிச் சாத்தியம்’ என்ற கேள்வியை அவள் வாயில் வைக்காதீர்கள்.

கனவு வரும் கடைசிப் பத்தியை நீக்கிவிட்டு, அவளைக் கதவுவரை கொண்டுவாருங்கள். முன்னால் நிற்பவளிடம் தினமும் கேட்பதுபோல் ‘உதர்னா ஹை க்யா?’ (இறங்கணுமா?) என்று கேட்கட்டும். அந்தப் பெண் சொல்லும் பதிலை எழுதியதும் கதையை எனக்கு மறுபடி அனுப்பிவையுங்கள், காத்திருக்கிறேன்.