வர்த்தகப் பேச்சில் இறக்குமதி வரியைக் குறைக்கச் சம்மதிக்கும் நாடுகள், தொழில் மானியம் என்றதும் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

முக்கியக் காரணம், மானியத்தை ஆள் பார்த்துக் குறைக்க முடியாது. இறக்குமதி வரி என்றால் ‘நீ இவ்வளவு குறை, நான் இவ்வளவு குறைக்கிறேன்’ என்று இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம். ஓர் எஃகு ஆலைக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தினாலோ, அந்த ஆலையோடு போட்டி போடும் எல்லா நாடுகளுக்கும் லாபம்; பதிலுக்கு எதுவும் தராத நாடுகளுக்கும்தான். அதனால் இரு நாட்டுப் பேச்சில் இதை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம், வரி சுங்கப் பட்டியலில் அச்சாகி இருக்கும். மானியமோ மலிவுக் கடனாக, சலிசான நிலமாக, மின்கட்டணச் சலுகையாக மறைந்து வரும். அந்தக் கடனைத் தரும் அரசு வங்கி அரசின் கையா, தனி நிறுவனமா என்பதிலேயே அமெரிக்காவும் சீனாவும் உலக வர்த்தக அமைப்பில் மோதின.

சரி, விதிகளே இல்லையா? இருக்கின்றன. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம், ஏற்றுமதி செய்தால்தான் என்றோ உள்நாட்டுப் பொருளைப் பயன்படுத்தினால்தான் என்றோ நிபந்தனை போட்டுத் தரும் மானியங்களைத் தடை செய்கிறது. மற்ற மானியங்களை எதிர்க்க, தனக்குப் பாதிப்பு என்று புகார் சொல்லும் நாடு நிரூபிக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை. விமானம் தயாரிக்கும் ஏர்பஸ், போயிங் நிறுவனங்களின் மானியத் தகராறு 2004-இல் வழக்காகி, பல தீர்ப்புகளுக்குப் பிறகும் தீராமல், 2021-இல் ஒரு தற்காலிகச் சமரசத்தில்தான் ஓய்ந்தது. மானியம் பெறாத ஒரு சிறிய போட்டியாளர் 17 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியுமா? எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. போதாக்குறைக்கு, 2019 டிசம்பரிலிருந்து உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவும் முடங்கிக் கிடக்கிறது.