வினைலா, டிஜிட்டலா: எதைத்தான் வாங்கறது?

கேள்வி: அண்ணே, வீட்லயே டிஜே கத்துக்கலாம்னு இருக்கேன். ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும், அதுக்கப்புறம் கை காலி. ஒரு ஃப்ரெண்டு வினைல்ல, அதாவது பழைய இசைத்தட்டுல, கத்துக்காதவன் டிஜேவே இல்லைங்கறான், இன்னொருத்தன் லேப்டாப்பும், அதுல இருக்கற பாட்டை ஓட்டற கன்ட்ரோலர்ங்கற பெட்டியும் போதும், தட்டெல்லாம் பழங்கதைங்கறான். யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: ரெண்டு பேரும் உன் காசுல சண்டை போட்டுட்டு இருக்காங்க தம்பி. ரெண்டையும் தள்ளி வெச்சுட்டு ஒரு பேப்பர் எடு, நீ போட ஆசைப்படற இருபது பாட்டை எழுது, அதுல எத்தனை பாட்டு வினைல்ல வந்திருக்கு, வந்ததுல எத்தனை இன்னைக்கு வாங்கற மாதிரி கிடைக்குதுன்னு தேடிப் பாரு. மூணோ நாலோதான் தேறுதுன்னா பேச்சே இல்லை, கன்ட்ரோலர் வாங்கிக்க. பதினஞ்சு தேறுதுன்னா அப்ப மட்டும் வினைலைப் பத்தி யோசி.

ஏன்னா வினைல்ல செலவு டர்ன்டேபிளோட, அதாவது தட்டைச் சுத்தற மெஷினோட, முடியறதில்லை. டர்ன்டேபிள் ரெண்டு வேணும், ரெண்டு பாட்டையும் கலக்கற மிக்சர் வேணும், ஊசியைத் தாங்கற கார்ட்ரிட்ஜ் ரெண்டு, தட்டுக்கு அடியில போடற வழுக்குத் துணி, அதாவது ஸ்லிப்மேட், ரெண்டு, ஊசி தேஞ்சா திரும்ப ஊசி, இதுக்கு மேல பாட்டுக்குப் பாட்டு தட்டு. கன்ட்ரோலர்ல மிக்சரும் சவுண்ட் கார்டும் உள்ளயே இருக்கு, ஹெட்போனைச் சொருகினா வேலை ஆரம்பிச்சாச்சு. ஒண்ணு மட்டும் கவனி, பெட்டியோட வர்ற சாஃப்ட்வேர் பல நேரம் லைட் வெர்ஷனாத்தான் இருக்கும், சில வசதி தனியா காசு கட்டினாத்தான் திறக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுப் பாத்துரு.

அந்த முதல் ஃப்ரெண்டு கிட்ட இதையும் சொல்லு. இவங்கல்லாம் கும்பிடற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972ல வந்தப்ப வீட்ல உக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்காகச் செஞ்சது, டிஜேங்க அப்புறமாத்தான் அதைத் தூக்கிட்டுப் போனாங்க. 1973ல நியூயார்க் பிராங்க்ஸ்ல டிஜே கூல் ஹெர்க் ஒரே தட்டோட ரெண்டு காப்பியை வெச்சு, டிரம்ஸ் மட்டும் வர்ற இடத்தை மாத்தி மாத்திப் போட்டு நீட்டினதும் அன்னைக்குக் கையில கிடைச்ச கருவியை வெச்சுத்தான். 2001ல பயனியர் சிடிஜே-1000ங்கற சிடி பிளேயர் வந்து, தட்டைத் தொட்டு இழுக்கற மாதிரியே சிடியையும் இழுக்கலாம்னு ஆச்சு, அப்பவும் இதே சண்டை நடந்துச்சு.

ஆனா அவன் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அதை நான் ஒத்துக்கறேன். வினைல்ல ஸ்கிரீன் கிடையாது. ஹெட்போனை ஒரு காதுல வெச்சு அடுத்த பாட்டைக் கேக்கறப்ப ரெண்டு கிக் டிரம்மும் கொஞ்சம் விலகினாலும் டக்டக்னு குதிரை ஓடற மாதிரி கேக்கும், எது முன்னாடி ஓடுதுன்னு காதுதான் சொல்லணும், விரல் நுனியால தட்டோட ஓரத்தை லேசா தடவி அடக்கணும், பிட்ச் ஃபேடரை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கற பட்டையை, மயிரிழை நகர்த்தணும். அந்தக் காது வந்துட்டா எந்த மெஷின்லயும் நிக்கலாம். இதைக் கத்துக்க வினைல்தான் வேணும்னு இல்லை, லேப்டாப் ஸ்கிரீன் மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டு ரெண்டு பாட்டோட வேகத்தையும் தானாச் சேத்து வெக்கற சிங்க் பட்டனைத் தொடாம ஒரு மாசம் கன்ட்ரோலர்ல ஓட்டிப் பாரு, முதல் வாரம் அழுகை வரும்.

கேள்வி: வினைல்ல சவுண்ட் தனி ரகம்னு சொல்றாங்களே, அது நிஜமா?

பதில்: வீட்ல நல்ல ஊசி, நல்ல ஸ்பீக்கர் வெச்சுக் கேட்டா அந்த சுகம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கூட்டத்துக்குப் போடறப்ப அது வேற கதை. புதுசா வர்ற தட்டுல நிறைய டிஜிட்டல் மாஸ்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல இருக்கற மூலப் பதிவுல, இருந்து வெட்டினதுதான். தட்டோட உள்பக்கம் போகப் போக மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும், அது வினைலோட பிறவிக்குணம். நான் ஒருக்கா மரத்தளம் போட்ட ஹால்ல வாசிச்சேன், பேஸ் ஏறினதும் டர்ன்டேபிளுக்குள்ள இருந்தே ஊ...ன்னு ஒரு ஊளை கிளம்புச்சு, நாலு பேர் சேந்து குதிச்சதும் ஊசி பாட்டோட பாதியில இருந்து கடைசிக்குத் தாவிருச்சு, அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். டிஜிட்டல்லயும் அசிங்கப்பட வழி இருக்கு, வீடியோல இருந்து உருவின பாட்டைப் பெரிய ஸ்பீக்கர்ல போட்டா தகர டப்பா மாதிரி இருக்கும். காசு குடுத்து 320 கேபிபிஎஸ் எம்பி3யோ 16 பிட் வேவ் ஃபைலோ வாங்கிப் போடு.

கேள்வி: ஒருத்தர் பழைய டெக்னிக்ஸ் 1200 மார்க் 2 டர்ன்டேபிள் விக்கறார். இனிமே இந்த மாதிரி கிடைக்கவே கிடைக்காதுன்னு விலையை ஏத்தறார். வாங்கலாமா?

பதில்: அந்த டயலாக் 2010ல சரி, அப்ப கம்பெனி தயாரிப்பை நிறுத்துச்சு. 2016ல திரும்ப ஆரம்பிச்சு, 2019ல மார்க் 7ன்னு டிஜேங்களுக்கே ஒண்ணு விட்டாங்க. அதனால புதுசு என்ன விலைன்னு பாத்துட்டு அதை வெச்சுப் பேரம் பேசு.

நேர்ல போய்ப் பாக்காம காசு குடுத்துராதே. ஆன் பண்ணி பிட்ச் ஃபேடரை நடு ஜீரோல விடு, பாட்டுத் தட்டுக்குக் கீழ சுத்தற உலோகத் தட்டோட விளிம்புல நாலு வரிசை புள்ளி ஓடும், சிவப்பு லைட் வெளிச்சத்துல பெரிய புள்ளி வரிசை அசையாம நின்ன மாதிரி தெரியணும். அது நகந்துட்டே இருந்தா வேகம் சரியில்லை. அப்புறம் ஃபேடரை மெதுவா மேலயும் கீழயும் ஓட்டு, பிளஸ் 8ல இருந்து மைனஸ் 8 வரைக்கும் வேகம் வழுக்கிட்டுப் போகணும், நடுவுல குதிச்சா உள்ள அழுக்கு, இல்லை தேஞ்சிருக்கு. ஊசியைத் தாங்கற கையை, அதாவது டோன்ஆர்மை, ரெண்டு விரலால பிடிச்சு பூ மாதிரி ஆட்டிப் பாரு, லொடலொடன்னு இருந்தா பேரிங் போச்சு, அப்படியே கும்பிடு போட்டுட்டு வந்துரு. ரெண்டு பக்கமும் சவுண்ட் வருதா, கிரவுண்ட் வயரை மாட்டினப்புறமும் உம்முன்னு இரைச்சல் போகாம இருக்கா, அதையும் பாரு.

ஊசி போனதுன்னே கணக்குல வெச்சுக்க, புதுசுக்குத் தனியா காசு ஒதுக்கு. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பாத்தா தட்டுதான் கிழியும். ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜ் தர்றேன்னு யாராவது ஆசை காட்டினா உஷார், அந்தக் கம்பெனி 2018லயே கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை விட்டுருச்சு. எதை வாங்கினாலும் பெல்ட் டிரைவ், அதாவது ரப்பர் பட்டையால சுத்தற டர்ன்டேபிள், வேண்டாம், தட்டைப் பிடிச்சு விட்டா திரும்ப வேகம் எடுக்கறதுக்குள்ள பாட்டு போயிரும்.

கேள்வி: டைம்கோட் தட்டு வெச்சு லேப்டாப் பாட்டையே டர்ன்டேபிள்ல ஓட்டறாங்களே, அது எப்படி?

பதில்: தட்டை முன்ன பின்ன இழுத்துச் சத்தம் எழுப்பற ஸ்க்ராட்ச்தான் உயிர்னு இருக்கறவங்களுக்கு அதைவிட நல்லது இல்லை. தட்டுல பாட்டுக்குப் பதிலா ஒரு சிக்னல் இருக்கும், ஊசி அதைப் படிச்சு எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் சுத்துதுன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லும், பாட்டு லேப்டாப்ல இருந்து வரும். ஆனா செலவு ரெண்டு பக்கமும் உனக்குத்தான், டர்ன்டேபிளும் வேணும் லேப்டாப்பும் வேணும், இதை ஏத்துக்கற மிக்சரோ இன்டர்ஃபேஸோ வேணும், லைசென்ஸும் தனியா கேக்கலாம். ஊசி குதிக்கறது, தட்டு தேயறது எல்லாம் அப்படியேதான் இருக்கும். என்னைக்காவது இந்தப் பக்கம் வருவேன்னு தோணினா, இப்பவே மிக்சர் வாங்கறப்ப டர்ன்டேபிளைச் சொருகற ஃபோனோ, மத்த கருவியைச் சொருகற லைன், ரெண்டு இன்புட்டும் இருக்கறதா வாங்கிரு. டர்ன்டேபிள்ல இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான், லைன்ல சொருகினா ஈனஸ்வரத்துல கேக்கும், கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடினவங்க உண்டு.

கேள்வி: ரெண்டையும் வாங்கித் தொலைச்சிட்டேன், வீட்ல இடம் இல்லை. எதை விக்கறது?

பதில்: கன்ட்ரோலரை. புது மாடல் வர வர அதுக்கு விலை இறங்கிட்டே போகும், நல்ல டர்ன்டேபிள் அப்படி இறங்கறதில்லை. ஆனா டர்ன்டேபிள் மேல இப்ப தூசிதான் இருக்கு, கன்ட்ரோலர்லதான் தினமும் கை வெக்கறேன்னா தலைகீழா பண்ணு. எது போனாலும் தட்டை மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெக்காதே, வெயில் படாத இடத்துல புத்தகம் மாதிரி நிக்க வை, இல்லைன்னா விக்கறப்ப வாங்க வந்தவர் தட்டைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பாத்துட்டு, வளைஞ்சிருக்கேன்னு பாதி விலைக்குக் கேப்பார்.